வாசல் கல்லைப் பற்றி லாரிக்காரர் சொன்னது

இப்போதெல்லாம் மனிதர்களுக்குக் கண் முகத்தில் இல்லை, கழுத்தில் வார் போட்டுத் தொங்குகிறது என்பது லாரிக்காரரின் கட்சி. எங்கிருந்தோ வண்டியேறி, இடுப்பு நோகக் குலுங்கி வந்து இறங்குகிறார்கள். எதைப் பார்க்க வந்தார்களோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேமரா ‘கிளிக்’ என்றதும் அடுத்த சுவரைத் தேடிப் போய் அதற்கும் முதுகைக் காட்டுகிறார்கள். ஊருக்குத் திரும்பி, படத்தைக் கழுவி வாங்கிய பிறகுதான் எதைப் பார்த்தோம் என்றே தெரியும் போலிருக்கிறது. கேட்டால் சுற்றுலாவாம். சும்மா வீட்டில் உட்காரத் தெரியாதவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது என்பார்.

லாரிக்காரருக்கு ஊர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் படிப்பு. ஆனால் அவர் படிக்காத ஊர்ப் பலகை இல்லை. வேலையை விடும்வரை லாரி, லாரி, லாரிதான். எத்தனையோ கோட்டைகளையும் கோபுரங்களையும் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார், ஒன்றுக்காவது இறங்கியதில்லை. கோட்டை என்றால் அவருக்கு லாரியைத் திருப்ப முடியாத இடம், அவ்வளவுதான். மனிதர் எதையும் லேசில் நம்ப மாட்டார். தராசை நம்ப மாட்டார், தபால்காரரை நம்ப மாட்டார், வானொலியில் மழை வரும் என்று சொன்னால் துணியைக் காயப்போடுவார். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பார். அதனால் அவருக்கு எதிரி என்று யாரும் கிடையாது. பக்கத்தில் உட்காரத்தான் ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவர் இருக்கும் ஊருக்கே சுற்றுலா வியாதி வந்து சேர்ந்ததுதான் கொடுமை.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு கோட்டை வாசல் இருக்கிறது, கோட்டை இல்லை. சுவரெல்லாம் எந்தக் காலத்திலோ சரிந்து, கல்லை ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டிவிட்டார்கள். வாசல் வளைவு மட்டும், எல்லோரும் கிளம்பிய பிறகும் கிளம்பத் தெரியாத விருந்தாளி மாதிரி தனியாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு பீரங்கி. அதன் வாய்க்குள் அணில் குடித்தனம். கொஞ்சம் தள்ளி ஒரு கிணறு, தண்ணீர் இல்லை. சதுக்கத்தின் நடுவே மணிக்கூண்டு. ஓட்டுகிற வேகத்தில் ஒரு கொட்டாவி விட்டால் ஊர் தாண்டிவிடும் என்று லாரிக்காரரே சொல்வார்.

ஆனால் நகராட்சித் தலைவருக்கு அப்படித் தோன்றவில்லை. மேற்கே இருக்கும் ஏரிக்கு வாராவாரம் ஒரு சுற்றுலாக் கம்பெனியின் பேருந்து போய்க்கொண்டிருந்தது. நம் ஊரிலும் ஒரு மணி நேரம் நிறுத்துங்களேன் என்று அவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். முதல் தடவை கம்பெனிக்காரரே நேரில் வருவார், பார்ப்பார். பிடித்தால் வாராவாரம் வண்டி நிற்கும், பிடிக்காவிட்டால் ஊரை மறந்துவிட வேண்டியதுதான். வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதற்கு லாரிக்காரரின் மகளைப் பிடித்திருந்தார்கள். குரல் நன்றாக இருக்கிறது, சிரித்த முகம், அப்பனின் வாய் கொஞ்சமும் வரவில்லை என்பது தலைவர் சொன்ன காரணம்.

மகள் அவருக்கு ஒரே பெண். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் இவர்கள் இருவர்தான். நூலகத்தில் அவள் பார்த்துவந்த தற்காலிக வேலை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. நகரத்தில் அவளுடைய மாமா துணிக்கடை வைத்திருந்தார். வந்து கடையைப் பார்த்துக்கொள், இங்கேயே தங்கிக்கொள் என்று ஆள்மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“வண்டி நின்னா இங்கேயே இருக்கேன்பா. நிக்கலைன்னா மாமா கடைக்குத்தான் போகணும். வேற வழி தெரியல” என்று மகள் ஒருநாள் சொன்னாள்.

“போனா போ. எனக்கென்ன, கஞ்சி வைக்கத் தெரியாதா” என்றார் அவர்.

அவருக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது. அது இருவருக்கும் தெரியும்.

வண்டி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அரசியார் தினமும் காலையில் இந்தக் கிணற்று நீரில்தான் தம் திருமுகத்தைப் பார்த்துக்கொள்வார் என்று அவள் கையை நீட்டிச் சொன்னபோது, கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அவ்வளவு ஆழத்துல முகமா தெரியும்? தவளை தெரியும். ஏன், அந்தம்மா வீட்டுல கண்ணாடி இல்லையா?”

“அது கதைப்பா.”

“பொய்க்குப் பவுடர் போட்டா அது கதையா?”

அப்படி ஆரம்பித்தது வளர்ந்தது. பீரங்கியால் எதிரிப் படையே ஓடியது என்றாளாம். அணில்கூட ஓடவில்லையே என்றாராம். நாலு பேர் வந்து போனால்தான் ஊர் பிழைக்கும் என்றாளாம். பொய் சொல்லிப் பிழைக்கிற ஊர் பிழைத்தென்ன, போயென்ன என்றாராம். கடைசியில் மகள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, மெதுவான குரலில் சொன்னாள்.

“நாளைக்கு நீங்க அந்தப் பக்கமே வராதீங்கப்பா. வந்தா எதையாவது சொல்லிடுவீங்க. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

காலையில் அவர் இருட்டோடு எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். கோபத்தில் அவர் செய்த அந்தக் காரியம்தான் வினையாகப் போயிற்று. ஏன் என்று விளங்க வேண்டுமானால் மணிக்கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த ஊர் மணிக்கூண்டின் கடிகாரம் அரை மணி நேரம் முந்தி ஓடும். இன்று நேற்றல்ல, ஊரில் இருக்கும் கிழவர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படி. யாரும் அதைத் திருத்தவில்லை, தேவையும் இருக்கவில்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், அரை மணியைக் கழிப்பார்கள், வேலையைப் பார்ப்பார்கள். கழிக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யார் யோசிக்கிறார்கள்? குழந்தைகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போதே கழிக்கவும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். வெளியூர் மாப்பிள்ளைகள்தான் கொஞ்ச நாள் தடுமாறுவார்கள்.

சுற்றுலாப் பயணிகள் வந்தால் சிரிப்பார்கள் என்று தலைவர் நகரத்திலிருந்து ஒரு கடிகாரக்காரரை வரவழைத்தார். அந்த ஆள் ஏணி போட்டு ஏறி, எண்ணெய் விட்டு, முள்ளைத் திருப்பி, வண்டி வருவதற்கு முந்தின நாள் மதியம் கடிகாரத்தைச் சரியாக்கிவிட்டுப் போனார். கடிகாரம் இனிமேல் சரியான நேரம் காட்டும் என்று ஒலிபெருக்கியில் தெருத் தெருவாகச் சொன்னார்கள். எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கைக்கடிகாரம் வைத்திருந்தவர்கள் பொறுப்பாக அதைப் பார்த்துத் தங்கள் முள்ளையும் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எழுந்தார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அரை மணியைக் கழித்தார்கள்.

மொத்த ஊரும். ஒருவர் பாக்கியில்லை. தலைவர் அவசரமில்லாமல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாத்தியம் வாசிக்க வேண்டிய பள்ளிப் பிள்ளைகள் தூங்கினார்கள். லாரிக்காரரின் மகள், ஜன்னல் வழியாக மணிக்கூண்டைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று இரண்டாம் தடவையாகத் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

கழிக்காத ஒரே ஆள் லாரிக்காரர். அவர் அந்த மணிக்கூண்டை என்றைக்குமே நம்பியதில்லை, நம்பாததைப் பார்ப்பதில்லை, பார்க்காததில் கழிக்க என்ன இருக்கிறது? ஊர் ஊராகப் போய்ச் சரக்கை இறக்கியவருக்கு ஊருக்கு ஊர் ஒரு நேரம் கட்டுப்படியாகாது. தன் கையில் கட்டியிருந்ததை மட்டும்தான் பார்ப்பார். அதையும் காதில் வைத்துக் கேட்ட பிறகுதான் பார்ப்பார். அன்று காலை கோபித்துக்கொண்டு போகாமல் வீட்டில் இருந்திருந்தால் மகளுக்குச் சரியான நேரத்தைச் சொல்லியிருப்பார்.

வீட்டை விட்டு வந்தவர் நேராகப் போனது கோட்டை வாசலுக்கு வெளியே இருந்த டீக்கடைக்கு. மகள் வராதே என்று சொன்ன இடம் அதுதான். ஆனால் டீக்கடை வேறு எங்கும் இல்லையே. கடை மூடியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் காத்துக்கொண்டிருந்தார். கடைக்காரன் வரவில்லை, பால்காரன் வரவில்லை, தெருவில் நாய்கூட வரவில்லை. ஊருக்கு என்ன ஆயிற்று என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சொன்ன நேரத்துக்குச் சரியாக, தூசியைக் கிளப்பிக்கொண்டு பேருந்து வந்து நின்றது.

முதலில் கம்பெனிக்காரர் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வரவேற்பு என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே வரவேற்க ஆள் இல்லை. வாசலுக்குள் எட்டிப் பார்த்தார். சதுக்கம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. பயணிகள் ஜன்னல்களில் தலையை நீட்டினார்கள்.

லாரிக்காரர் தன் கையைப் பார்த்தார். பிறகு, வேண்டாவெறுப்பாக, வளைவுக்கு மேலே தெரிந்த மணிக்கூண்டைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. வாழ்க்கையில் முதல் தடவை. அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. ஊர் முழுக்க உட்கார்ந்து கழித்துக்கொண்டிருக்கிறது.

“ஒரு ஆள் இல்லை. இந்த ஊரை நம்பி வந்தோம் பாருங்க” என்று கம்பெனிக்காரர் ஓட்டுநரிடம் சொன்னார். “யாரும் இறங்க வேணாம். நேரா ஏரிக்கே போயிடலாம்.”

வீடு இருப்பது மேட்டுத் தெருவின் கடைசியில். லாரிக்காரரின் முழங்காலை வைத்துக்கொண்டு போய் மகளைக் கூட்டிவருவதற்குள் பேருந்து ஏரியில் குளித்து முடித்துவிடும். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். போனால் போகட்டும், பொய் சொல்லும் வேலை ஒழிந்தது என்று நினைத்துப் பார்த்தார். நினைப்பு ஒட்டவில்லை. அடுத்த வாரம் மகள் மாமா கடைக்குப் போயிருப்பாள். வீட்டில் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது. பவுடர் போட்ட பொய்யாவது வருமா?

எழுந்தார். கம்பெனிக்காரரிடம் போகவில்லை, ஓட்டுநரிடம் போனார்.

“தம்பி, பின்னாடி இடது பக்கச் சக்கரம் சத்தம் போடுதே. கேக்கலையா?”

“இல்லையே” என்றான் ஓட்டுநர்.

“உள்ளே உக்காந்திருந்தா எப்படிக் கேக்கும்? வெளியே நின்னவன் சொல்றேன். வரும்போதே கடகடன்னுதான் வந்துது.”

“நீங்க யாரு பெரியவரே?”

“லாரி. தலை நரைச்சதே ஸ்டியரிங் பிடிச்சுத்தான்.”

ஒரு ஓட்டுநரிடம் இன்னொரு ஓட்டுநர் இப்படிச் சொல்லிவிட்டால் முடிந்தது. இறங்கிப் பார்க்காமல் கியர் போடவே கை வராது. சத்தம் இல்லை என்று சொல்லச் சொல்ல, போகிற வழியெல்லாம் காதுக்குள் சத்தம் கேட்கும். ஓட்டுநர் இறங்கினான், குனிந்தான், உதைத்துப் பார்த்தான், ஜாக்கியை எடுத்துவிட்டான். எவ்வளவு நேரமாகும் என்று கம்பெனிக்காரர் எரிச்சலோடு கேட்டார். அதைச் சக்கரம்தான் சொல்லணும் என்றார் லாரிக்காரர். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தடவிக்கொண்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் கூசாமல் சொன்ன முதல் பொய் அதுதான். இவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தெரியாது.

பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாதிப் பேர் வயதான தம்பதிகள். எதற்கும் இருக்கட்டும் என்று வெயிலில்லாமலே குடை விரித்திருந்த ஒரு பருத்த அம்மாள், லாரிக்காரரைப் பார்த்து, நீங்கதான் ஊரைக் காட்டுறவரா என்று கேட்டார்.

“அவ வருவா. அதுவரைக்கும் நான்” என்றார் அவர்.

முதலில் அவர் உண்மையைத்தான் சொன்னார். கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய், “இது கிணறு” என்றார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். “தண்ணி இல்லை” என்றார். அதோடு கிணறு முடிந்துவிட்டது. பீரங்கிக்குப் போனார்கள். “பீரங்கி. இது வெடிச்சதா நான் கேள்விப்பட்டதில்லை. உள்ளே அணில் இருக்கு, கையை விடாதீங்க.” பீரங்கியும் முடிந்துவிட்டது. உண்மைக்கு இவ்வளவுதான் நீளம் என்பது அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது. மேட்டுத் தெருப் பக்கம் பார்த்தார். ஒரு தலையும் தெரியவில்லை. கம்பெனிக்காரர் விசிலைக் கையில் எடுத்திருந்தார். அங்கே ஓட்டுநர் சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தான். ஒன்றும் இல்லை என்று இதோ எழுந்துவிடுவான்.

அப்போது குடைக்கார அம்மாள், வளைவின் அடியில் கிடந்த ஒரு கல்லைக் காட்டினார். வாசலோடு ஒட்டினாற்போல ஒரு பெரிய கல். மேற்புறம் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து, நடுவில் குழிந்து கிடந்தது.

“இது ஏங்க இப்படித் தேஞ்சு போயிருக்கு?”

ஆடு உரசி உரசித் தேய்ந்தது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். அவர் கல்லைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்துவிட்டது.

“இங்கே ஒரு பொம்பளை உக்காந்திருப்பா” என்றார்.

“யாரு, அரசியா?”

“அரசிக்கு இங்கே என்ன வேலை? படையாள் ஒருத்தனோட பொண்டாட்டி.”

கூட்டம் நெருங்கி வந்தது. கம்பெனிக்காரர் விசிலைக் கீழே விட்டார். லாரிக்காரருக்குத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. ஆனால் வண்டி நகர்ந்துவிட்டது. இனிமேல் ஓட்டித்தான் ஆக வேண்டும். அந்தப் படையாள் எப்போதும் வெளியூரில்தான் இருப்பான் என்றார். போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. ராஜா எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே போக வேண்டும். அவனுடைய குதிரை இந்த வளைவுக்குள் நுழையாது, அதனால் வெளியேதான் நிறுத்துவான்.

“இந்த வளைவுல யானையே போகுமே. குதிரை நுழையாதா?” என்று ஒரு நெட்டை மனிதர் கேட்டார்.

“பாரம் ஏத்தின குதிரைங்க. மேலே தார்ப்பாய் வேற கட்டியிருக்கும்.”

“குதிரைக்குத் தார்ப்பாயா?”

“ஏன், மழை பெஞ்சா நனையாதா?” என்றார் லாரிக்காரர். நெட்டை மனிதர் வளைவை அண்ணாந்து பார்த்தார்.

ஊருக்கு வரும் மலைப்பாதையின் வளைவில் திரும்பும்போதே அவன் ஹார்ன் அடிப்பான் என்று சொல்லவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொம்பு ஊதுவான் என்றார். இரண்டு நீளம், ஒரு குட்டை. எத்தனையோ பேர் அந்த வளைவில் ஊதிக்கொண்டு போவார்கள். அவளுக்கு அவன் ஊதுவது மட்டும் தனியாகத் தெரியும். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கி வந்து இந்தக் கல்லில் உட்கார்ந்துகொள்வாள். சில நாள் அவன் வழியில் நின்றுவிடுவான், வர நேரமாகும். குழந்தை மடியிலேயே தூங்கிப்போகும். அவள் எழுந்து போக மாட்டாள்.

“வந்ததும் என்ன சொல்லுவா?” என்று குடைக்கார அம்மாள் கேட்டார். குடை மடங்கியிருந்தது.

“என்ன சொல்லுவா? திட்டுவா.”

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

“முதல்ல தலையிலேருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பாப்பா. கை கால் எல்லாம் எடுத்துட்டுப் போன மாதிரியே திரும்பி வந்திருக்கான்னு பாக்குறது அது. வந்திருந்தா, உடனே திட்டு. ‘இவ்வளவு அழுக்குச் சட்டையோடவா ஊரெல்லாம் போயிட்டு வந்தீங்க, பாக்குறவங்க என்னைத்தானே சொல்லுவாங்க’ம்பா.”

“சட்டையா?” என்றார் நெட்டை மனிதர்.

“கவசம்” என்றார் லாரிக்காரர்.

“அவன் போரிலேருந்து திரும்பி வந்தானா இல்லையா, கடைசியில?” குடைக்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

லாரிக்காரர் கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதையை இங்கே முடித்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு பெரிய போரை வரவழைத்து அவனைக் கொன்றுவிட்டால் எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பொய் மட்டும் நாக்கில் ஏறவில்லை.

“அவன் வந்தான்மா. ஒவ்வொரு தடவையும் வந்தான். ஒரு தடவை அவன் வந்தப்போதான் அவ இல்லை.” கல்லின் குழியில் கிடந்த சருகைத் தட்டிவிட்டார். “ரெண்டு மூணு தடவை ஊதிப் பாத்தான். அப்புறம் இறங்கி, அவனே வீட்டுக்கு நடந்து போனான். பொண்ணு தனியா நின்னுட்டிருந்துது. அவ்வளவுதான். இதுல ஒண்ணும் இல்லை. கல்லு, தேஞ்சு போச்சு.”

ஒருவர் கேமராவைத் தூக்கினார், என்ன நினைத்தாரோ, எடுக்காமலே இறக்கிவிட்டார். லாரிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் திருப்பினார். கூட்டத்துக்குப் பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். மேட்டிலிருந்து பேருந்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது, பின்னல் பாதியில் நின்றிருந்தது. எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கொம்பு ஊதியதிலிருந்தே கேட்டிருப்பாள் போலிருந்தது.

அவள் அழவில்லை, அழுகிற நேரமா அது? கண்ணை ஒரு தடவை புறங்கையால் ஒற்றிக்கொண்டு முன்னால் வந்து, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் சிரித்த முகமாக மறுபடியும் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அரசியார் முகம் பார்த்தார். பீரங்கி வெடித்தது, எதிரிப் படை ஓடியது. லாரிக்காரர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவையும் குறுக்கே பேசவில்லை. பேச அவருக்கு இப்போது என்ன யோக்கியதை?

சரியாக அரை மணி தாமதமாக ஊர் வந்து சேர்ந்தது. எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் திறந்தது மாதிரி சந்து பொந்தெல்லாம் ஆட்கள் வழிந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் தலைவர் வந்தார். நிதானமாக வந்தவர், பேருந்தைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தார். பிள்ளைகள் ஓடிக்கொண்டே வாத்தியத்தை வாசித்தார்கள். அது வாத்தியம் மாதிரியும் இல்லை, ஓட்டம் மாதிரியும் இல்லை. எல்லோரும் மணிக்கூண்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நகரத்துக் கடிகாரக்காரன் எதையோ கெடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று தலைவர் கத்தினார். பழையபடியே அரை மணி முந்தி வைத்துவிடுவதுதான் ஊருக்கு நல்லது என்று அங்கேயே முடிவாயிற்று.

ஓட்டுநர் ஸ்பேனரோடு வந்து லாரிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு நட்டு லேசாகத் தளர்ந்திருந்ததாம், பெரியவர் சொல்லியிருக்காவிட்டால் மலைப்பாதையில் என்ன ஆகியிருக்குமோ என்றான். எந்த வண்டியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டாலும் கால் சுற்று சுற்றத்தான் செய்யும் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

கடைசியில் கம்பெனிக்காரர் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து வண்டி நிற்கும் என்று தலைவரிடம் சொன்னார். கிணறும் பீரங்கியும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்த வாசல் கல்தான் வேறெங்கும் இல்லை. அந்தக் கதையை ஒவ்வொரு தடவையும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றார். தலைவருக்கு அது எந்தக் கதை என்றே தெரியவில்லை. இருந்தாலும் பலமாகத் தலையாட்டினார்.

லாரிக்காரரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

“ஐயா, அது நான் சும்மா சொன்னது. படையாளும் இல்லை, குதிரையும் இல்லை. அத்தனையும் பொய்.”

கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டினார். இந்த அடக்கம்தான் பெரியவர்களிடம் பிடித்தது என்றார். பிறகு மகளிடம் திரும்பி, “இது எந்த ராஜா காலத்துல நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்கம்மா. வர்றவங்க கேப்பாங்க” என்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பீரங்கியைப் பார்த்தார்.

“காலம் சரியாத் தெரியலைங்க” என்றாள் அவள். “ஆனா அந்தக் குடும்பம் இன்னும் இந்த ஊர்லதான் இருக்கு.”

பேருந்து புறப்படுவதற்குள் வாசல் கல்லைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மலை வளைவு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். உள்ளூர்க்காரர்களே சிலர் வரிசையில் நின்றார்கள். பிறந்ததிலிருந்து தாண்டிப் போன கல்லை அன்றைக்குத்தான் கண்டதுபோல.

மகள் அவர் அருகே வந்து நின்றாள்.

“அழுக்குச் சட்டைன்னுதான் அம்மா திட்டுவாங்களா?” என்றாள். “எனக்கு அது ஞாபகமே இல்லைப்பா.”

“நீதான் தூங்கிட்டிருப்பியே.”

“அடுத்த வாரம் நீங்களே வந்து சொல்லுங்கப்பா. எனக்கு அவ்வளவு நல்லா வராது.”

“அடுத்த வாரம் எவன் வரப்போறான்? இன்னைக்கு நல்லா இருக்குன்னுட்டுப் போவான், நாளைக்கு வேற ஊர்ல வேற கல்லு கிடைச்சா அங்கே போயிடுவான். ஏரி பாக்கக் கிளம்பினவன் கல்லைப் பாக்க வருவானா? கடைக்கார மாமாவுக்கு இப்பவே வரலைன்னு சொல்லி அனுப்பிடாதே. நாலு வாரம் போகட்டும்.”

“இன்னைக்கே சொல்லி அனுப்பப் போறேன்” என்றாள் மகள்.

“உன் இஷ்டம். உங்க அம்மா புத்தி அப்படியே” என்றார்.

கல்லில் அப்போது குடைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுந்திருப்பவராகத் தெரியவில்லை. லாரிக்காரர் கிட்டே போய், “ரொம்ப நேரம் உக்காராதீங்கம்மா, கல்லு ஈரம் வாங்கும், இடுப்பைப் பிடிச்சுக்கும்” என்று எச்சரித்தார். அந்த அம்மாள் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

சொன்னால் கேட்கிற ஜனமா இது என்று அவர் வளைவைத் தாண்டி நடந்தார். பொய் சொன்னால் கூட்டம் கூடுகிறது, பொய் என்று சொன்னால் தோளில் தட்டுகிறார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினார். பின்னால் பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல், அடுத்த வாரம் அது வராது, வரவே வராது என்று சொல்லிக்கொண்டே போனார்.